இரண்டே நாளில் உரியும் நகப்பூச்சு
அன்புள்ள சகோதரிக்கு, குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை பார்ப்பதாகவும், வீட்டிலேயே கையை வெந்நீரில் ஊறவைத்து, நகத்தோரத் தோலை வெட்டிவிட்டுப் போடும் நெயில் பாலிஷ் இரண்டே நாளில் ஏடு ஏடாக உரிவதாகவும், ஒரு விரல் சிவந்து வலிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

உரிவதற்குப் பெரும்பாலும் அந்த வெந்நீரே காரணம். நீரை உறிஞ்சிச் சற்று விரியும் நகம் உலர்ந்ததும் சுருங்குவதால், ஈரத்தின் மீது போட்ட பூச்சு அந்த அசைவைத் தாங்காமல் பிடிப்பை விட்டுவிடுகிறது. ஆகவே ஊறவைப்பதை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். மறுநாள் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் நகத்தைத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு அகலும் (ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்படியில் வேண்டாம்). பிறகு அடிப்பூச்சு ஒன்று, நிறம் மெல்லியதாக இரண்டு முறை, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பின் அடுத்தது எனப் போட்டு, நகத்தின் நுனி விளிம்பிலும் பிரஷ்ஷை ஒருமுறை இழுத்துவிடுங்கள். நாள் முழுதும் காய் பொறுக்கும் கையில் தேய்மானம் அங்கிருந்துதான் தொடங்கும்.

தோலை வெட்டுவதில் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. கிருமி உள்ளே நுழையாமல் காக்கும் அடைப்பே அதுதான். குளித்தவுடன் ஈரத்துணியால் மெல்லப் பின்னுக்குத் தள்ளினால் போதும். சிவந்த விரலில் இப்போதைக்கு எதையும் பூசாதீர்கள். சீழ் கட்டினாலோ வலி கூடினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.