வாசிக்கக் கற்பிப்பதில் ஆசிரியர்கள் கைகோப்பது எப்படி? தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் வாசிப்பு கற்பிப்பது குறித்து ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். ஒரே கருத்துள்ள கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியுள்ளேன்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு ஆசிரியை “நன்றாக வாசிப்பான்” என்று சொல்லி அனுப்பும் குழந்தை, மூன்றாம் வகுப்பில் என்னிடம் ஒரு வரியைக்கூட வாசிப்பதில்லை. இதில் யார் சொல்வது சரி, ஐயா?

பெரும்பாலும் இருவர் சொல்வதும் சரிதான். அந்த ஆசிரியை கேட்டது பலமுறை சொல்லிப் பழகிய பாடத்தை. நீங்கள் கொடுத்தது குழந்தை முன்பின் பார்த்திராத பத்தியை. வாசிப்பு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் ஒரு பள்ளிக்குள்ளேயே உடன்பாடு இல்லாதபோது, குறை குழந்தையின் மீதோ சக ஆசிரியர் மீதோ போய் விழுகிறது. ஆகவே ஆசிரியர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரே குழந்தை புதிய பத்தி ஒன்றை வாசிப்பதை எல்லோரும் உட்கார்ந்து கேட்பது. ஊரகக் குழந்தைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதித்துப் பார்க்கும், 2005 முதல் நடந்துவரும் அசர் ஆய்வில் எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படிகள் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் உள்ளன. எதை வைத்துக்கொண்டாலும் சரி, பள்ளி முழுவதும் ஒரே அளவுகோல் இருந்தால் போதும்.

கேள்வி: அப்படிச் சேர்ந்து கேட்கும்போது எதைக் குறித்துக்கொள்ள வேண்டும்? நாங்கள் “தடுமாறுகிறாள்” என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். “தோட்டத்தில் ஒரு கொய்யா மரம் இருந்தது. அதில் கிளி கூடு கட்டியது” என்ற இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை “கொய்யா” என்பதைக் “கெய்யா” என்று வாசிக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னும் துணைக்கால் பின்னும் நிற்க, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னொரு குழந்தை “கூடு” என்பதைக் “குடு” என்கிறது; அங்கே சிக்கல் குறில் நெடிலில் இருக்கிறது. மூன்றாவது குழந்தை புள்ளியைக் கவனிக்காமல் “இருநதது” என்கிறது. நான்காவது குழந்தை ம, ர, ம் என்று ஒவ்வொரு எழுத்தையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டு, சேர்த்துச் சொல் என்றால் விழிக்கிறது. ஐந்தாவது குழந்தை முதல் எழுத்தை மட்டும் பார்த்துக் “கிளி” என்பதைக் “கிணறு” என்று ஊகிக்கிறது.

இந்த ஐவருக்கும் “மெல்லக் கற்போர்” என்ற ஒரே பெயரைச் சூட்டி, அ முதல் ஃ வரை மறுபடி எழுதச் சொல்வதால் ஒருவருக்கும் பயனில்லை. முதல் குழந்தைக்குக் கெ, கே, கொ, கோ வரும் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும் பயிற்சி வேண்டும். நான்காவது குழந்தைக்கு எழுத்துப் பயிற்சியே தேவையில்லை. இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களை ஒலியாக இணைக்கும் வாய்மொழிப் பயிற்சி தேவை. இவற்றைத் தனியாக ஒருவர் கண்டுபிடிப்பது கடினம். மூன்று பேர் கேட்டால் ஒருவர் காதில் தப்பியது இன்னொருவர் காதில் விழும். சில வாரங்களில் ஆசிரியர்களின் பேச்சே மாறும். “அவளுக்கு வராது” என்பது போய், “ஒகர ஓகாரக் குறிகளில் நிற்கிறாள், மற்றதெல்லாம் வருகிறது” என்று பேசத் தொடங்குவார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். “பழம்” என்பதைப் “பளம்” என்று உச்சரிக்கும் ஊரில், குழந்தை சொல்லையும் பொருளையும் சரியாக அறிந்திருந்தால், அதை வாசிப்புப் பிழையாக எண்ணக் கூடாது. உச்சரிப்பைத் திருத்துவதற்கு வேறு நேரம் இருக்கிறது. வாசித்துக்கொண்டிருக்கும் குழந்தையை அதற்காக இடைமறித்தால் அது வாயைத் திறக்கவே அஞ்சும்.

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்த்துக்கொள்கிறோம். சேர்ந்து பணியாற்ற நேரம் எங்கே?

கல்வி உரிமைச் சட்டம் 2009 அறுபது மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்றே வகுத்திருப்பதால், சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றின் நிலை இதுதான். ஆனால் பெரிய பள்ளிகளுக்கு இல்லாத வசதி ஒன்று உங்களுக்கு உண்டு: எல்லாக் குழந்தைகளையும் இருவருக்கும் தெரியும். வாசிப்பு நேரத்தில் மட்டும் வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் நிலை வாரியாகப் பிரியுங்கள். ஒருவர் பெரிய குழுவுக்குக் கதைப்புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டட்டும். மற்றவர் ஒரே வகைச் சிக்கலில் தடுமாறும் நான்கைந்து குழந்தைகளுடன் தரையில் அமரட்டும். மறுவாரம் இடம் மாறிக்கொள்ளுங்கள். நேரில் கேட்க முடியாதபோது குழந்தை வாசிப்பதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, மாலையில் இருவரும் கேட்கலாம். அந்தப் பதிவு வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகக் கூடாது. குழந்தையின் தடுமாற்றம் பலர் கேட்பதற்கு உரியதன்று.

கேள்வி: மற்ற ஆசிரியர் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தாலே பார்வைக்கு வந்த அதிகாரியைப் போலத் தோன்றுகிறது. இந்தக் கூச்சத்தை எப்படிப் போக்குவது?

ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்க்கிறார்கள். பிறகு கூடிப் பேசித் திருத்துகிறார்கள். பல நேரங்களில் திருத்திய பாடத்தை இன்னொருவர் வேறு வகுப்பில் நடத்துகிறார். பார்வையாளர்கள் கவனிப்பது குழந்தைகளை. பாடம் எல்லோரும் சேர்ந்து உருவாக்கியது என்பதால், அது சரியாக அமையாவிட்டாலும் நடத்தியவர் தலைகுனிய வேண்டியதில்லை. நம் பள்ளிகளிலும் இது இயலும். பேச்சை “நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம்” என்று தொடங்காமல், “நான் பார்த்த குழந்தை இந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டது” என்று தொடங்குங்கள். அந்தக் குறிப்புகள் எந்தக் கோப்பிலும் சேரக் கூடாது என்பதில் தலைமையாசிரியர் உறுதியாக இருக்க வேண்டும். இந்த உறுதி கிடைக்காத பள்ளியில் இம்முயற்சியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கேள்வி: அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் அறிவிப்புகளிலும் புள்ளிவிவரங்களிலுமே முடிந்துவிடுகிறது. அதை வாசிப்புக்குப் பயன்படுத்த முடியுமா?

அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பள்ளி, ஒரு குழந்தையின் வாசிப்புப் பதிவைப் பெயர் சொல்லாமல் கொண்டுவரட்டும். மேலிருந்து வருவதை நிறைவேற்றுவது மட்டுமே நம் வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. 2003 அளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தத்தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஆசிரியர்கள் ஆந்திரத்தின் ரிஷிவேலிக்குச் சென்று அங்குள்ள முறையைப் பார்த்துவந்து, தாங்களே கூடி அட்டைகளை உருவாக்கினார்கள். பின்னர் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தபோது, அச்சிட்ட அட்டைகளைப் பெற்றுக்கொண்டவர்களிடம் அதே பற்றை எதிர்பார்க்க முடியவில்லை என்பது என் கணிப்பு. தாமே செய்தவருக்குத்தான் ஓர் அட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

கேள்வி: நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்ற இலக்கு தமிழுக்குப் பொருந்துமா?

2021இல் தொடங்கிய, ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவுத் திட்டமான நிபுண் பாரத் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்களைப் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. தமிழில் “போய்க்கொண்டிருந்தார்கள்” ஒரு சொல், “பூ” என்பதும் ஒரு சொல். ஆகவே ஒரு பத்தியில் கிடைத்த எண்ணை வேறொரு பத்தியின் எண்ணோடு ஒப்பிடுவது குழந்தைக்குச் செய்யும் அநீதி. குறுவள மைய அளவில் ஆசிரியர்கள் சேர்ந்து, சொல் நீளமும் உயிர்மெய்க் குறிகளும் ஏறத்தாழச் சமமாக உள்ள சில பத்திகளை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றையே ஆண்டு முழுவதும் பயன்படுத்தலாம். வாசித்து முடித்ததும் இரண்டு கேள்விகளாவது கேளுங்கள். அவற்றுக்கு விடை வராவிட்டால் வேகத்தைக் குறிக்க வேண்டியதில்லை.

கேள்வி: கதைப்புத்தகங்கள் அலமாரியில் பூட்டியே இருக்கின்றன. புத்தகம் கிழிந்தால் தணிக்கையில் கேட்பார்களே என்று அஞ்சுகிறோம்.

கிழிந்த புத்தகம் பயன்பட்ட புத்தகம் என்பதைத் தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் சேர்ந்து தீர்மானமாக எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வைத்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் உங்களிடம் இருந்தால், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவும் செய்த பிறகு மாறுதல் கலந்தாய்வில் ஓர் ஆசிரியர் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடுகிறதே?

நின்றுவிடுகிறது, பல பள்ளிகளில் இதை வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். அதனால்தான் பதிவு ஆசிரியரோடு போகாமல் குழந்தையோடு வகுப்பு மாற வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் குழந்தைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை நாள், வாசித்த பத்தி, தடுமாறிய சொற்கள் அது வாசித்தபடியே, அதற்குச் செய்த பயிற்சி ஆகிய நான்கை மட்டும் எழுதினால் போதும். “கொய்யா — கெய்யா” என்று எழுதியிருந்தால், ஜூன் மாதத்தில் புதிதாக வரும் ஆசிரியர் அடிப்படைத் தேர்வு நடத்திக்கொண்டிராமல் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.