குவில்ட்டின் அடிப்பக்கத்துக்கு வீட்டில் இருக்கும் பெட்ஷீட் போதுமா?

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வைதான் குவில்ட். மேல்பக்கத்துச் சதுரங்களை வெட்டி இணைப்பதற்குள்ளேயே பணமும் பொறுமையும் கரைந்திருக்கும். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள், பீரோவில் மடித்து வைத்திருக்கும் பெட்ஷீட்டையே போட்டுவிடலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தங்கை மகளின் கல்யாணத்துக்காக 60க்கு 80 அங்குலத்தில் ஒரு குவில்ட். மேல்பக்கத்துக்கு மட்டும் நான்கு மாதம் ஆனது. அடியில் போட, யாரோ பரிசாகக் கொடுத்த புது பெட்ஷீட்டை எடுத்தேன். ஒரு சதுர அங்குலத்தில் 400 இழை என்னும் நூல் எண்ணிக்கை, சுத்தமான பருத்தி, கையில் பட்டு போல வழுக்கும். மேல்துணி, பஞ்சு, பெட்ஷீட் மூன்றையும் அடுக்கி மெஷினில் ஓட்டினால், முதல் வரியிலேயே ஊசி இறங்கும்போதெல்லாம் ‘டப், டப்’ என்று சத்தம். திருப்பிப் பார்த்தேன். அங்கங்கே தையல் விட்டுப்போய், அடியிலிருந்து வரும் பாபின் நூல் அரை அங்குலத்துக்குத் தளர்ந்து கிடந்தது.

இரவெல்லாம் உட்கார்ந்து பிரித்தேன். பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. சாதாரணப் பருத்தித் துணி என்றால் கொஞ்சம் தண்ணீர் தொட்டு நகத்தால் கீறிவிட்டால் இழைகள் நகர்ந்து துளை மூடிக்கொள்ளும். இதில் இழைகள் நகர இடமே இல்லை. அவ்வளவு நெருக்கமான நெசவு. ஊசி இழைகளுக்கு நடுவே புகாமல் இழையையே குத்திக்கொண்டு இறங்குகிறது. அடியில் நூல் சரியாக வளையம் விழாததால் தையல் விட்டுப்போகிறது.

இது எனக்கு அன்று தெரியாது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து மெக்கானிக்கை வரவழைத்தோம். இனி சொல்லப்போவது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் தைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய மெஷின் அது. 22 வருடமாக அதில் தைக்கிறேன். வந்தவர் ஒரு கேள்வியைக்கூட என்னிடம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் என் கணவரிடமே கேட்டார். “டைமிங் போய்விட்டது சார்” என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாளும் அதே கோளாறு. போனில் கேட்டால், “அம்மாவுக்குக் கனமான துணியில் பழக்கம் போதாது சார்” என்று மறுபடியும் அவரிடமே சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை இன்னும் ஆறவில்லை.

அன்று மாலை கைக்குக் கிடைத்த சுங்குடித் துண்டு ஒன்றை அதே பஞ்சின் அடியில் வைத்து, அதே ஊசியில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை. குற்றம் துணியில்தான் இருந்தது.

பெட்ஷீட்டை எடுத்துவிட்டு அம்மாவின் மதுரைச் சுங்குடிப் புடவையைப் போட்டேன். புடவை ஐந்தரை மீட்டர். பாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 90 அங்குல அகலமும் 108 அங்குல நீளமும் கிடைக்கும். அடித்துணி நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், ஏனென்றால் தைக்கத் தைக்க உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்குத் தேவை 68க்கு 88, தாராளமாகவே இருந்தது. இணைப்பதற்கு முன் கரையை வெட்டிவிடுங்கள். கரை நெசவு இறுக்கமானது, துவைத்தபின் அந்த இடம் மட்டும் சுருங்கும்; ஜரிகை இருந்தால் ஊசிக்கும் ஆகாது. சுங்குடியின் புள்ளிகளில் தையல் கோணல் மறைந்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

பழைய புடவை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வந்த இடமும் அடி ஓரமும் நைந்திருக்கும், அவற்றைத் தவிர்க்க வேண்டும். புதுத் துணி என்றால் கட்டாயம் ஊறவைத்துத் துவைத்துவிடுங்கள். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது. பிறகு மெல்லிய கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் அடியில் சுருக்கம் விழாது. காடா துணியும் நன்றாகத் தைக்க வரும், ஆனால் நிறையச் சுருங்கும்.

பெட்ஷீட்டிலேயே அழகாகத் தைப்பவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. நெருக்கம் குறைந்த, துவைத்துத் துவைத்து மெலிந்த பெட்ஷீட் என்றால் சரிப்படலாம். வெளிநாட்டில் இதற்கென்றே 108 அங்குல அகலத் துணி விற்கிறார்கள் என்று சிலர் எழுதுவீர்கள். அது கிடைப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும், எங்கள் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததில்லை.

எந்தத் துணியாக இருந்தாலும் முதலில் ஒரு சாண் அளவுக்கு மூன்று அடுக்கையும் வைத்து, 90/14 என்ற அளவில் புது மெஷின் ஊசி போட்டு நான்கு வரி ஓட்டுங்கள். திருப்பிப் பாருங்கள். ஒரு வரியைப் பிரித்து நகத்தால் கீறுங்கள். துளை மூடவில்லை என்றால் அந்தத் துணியை மடித்துப் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.