மோட்டார் இல்லாத நீர்வாளியில் வேர்விட்ட தண்டை எப்படி மாற்றி நடுவது?

மண்ணும் மோட்டாரும் இல்லாமல், பசளை கரைத்த நீருள்ள மூடிய வாளியில் செடி வளர்ப்பதுதான் இது. செடி குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும். மூடிக்குக் கீழே ஈரக்காற்று தங்கும். மேல்வேர் அங்கே மூச்சுவிடும், கீழ்வேர் குடிக்கும். கோப்பையில் வாய்வைத்துத் தேநீர் குடிக்கிறோம். மூக்கையும் அமிழ்த்தினால் என்னாகும்?

புதினா, கங்குன் தண்டுகளில் வேர் 3 முதல் 5 சென்டிமீற்றர் வந்ததும் மாற்றுங்கள். அதைவிட நீண்டால் வலைக்கிண்ணத் (வலைபோல் துளைகளுள்ள சிறு கிண்ணம்) துளையில் நுழைக்கும்போதே முறியலாம். 10 லீற்றர் வாளியின் மூடியில் கிண்ணம் இறுக்கமாக உட்காரும்படி துளையிடுங்கள். தென்னந்தும்பை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, உப்புப் போனபின் தண்டைச் சுற்றித் தளர்வாக அடையுங்கள். முதல் நாள் கிண்ணத்தின் அடி 1 சென்டிமீற்றர் நனைந்தால் போதும். இலங்கைக் கடைகளில் கிடைக்கும், மண்ணில்லா வளர்ப்புக்கான அல்பேர்ட் பசளையை முதலில் பொதியில் சொன்னதில் பாதி அளவு கரையுங்கள். புதுத்தளிர் வந்தபின் மீதியை ஒரு குவளை நீரில் கரைத்து ஊற்றலாம். முழு அளவையும் முதலே போட்டால் இளவேர் நுனி கருகும்.

வெளிச்சம் ஊடுருவும் வாளியில் பாசி பிடிக்கும். வெளிப்புறம் கறுப்பு, அதன்மேல் வெள்ளைப் பூச்சு. கொழும்பு வெயிலுக்குக் கறுப்பு மட்டும் போதாது, நீர் சூடேறிவிடும். டெங்கு நுளம்பு முட்டையிடாதபடி மூடியின் இடுக்குகளையும் அடையுங்கள். வீட்டுக்கு வரும் சுகாதாரப் பரிசோதகர் நுளம்பு பெருகும் இடங்களைப் பார்ப்பார்.

நீர் குறைந்தால் பழைய மட்டத்துக்கே நிரப்பவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கி அழுகும், வாளியின் பாதிவரை ஊற்றினால் போதும்.