ஏறி உட்கார்ந்து ஓட்டும் குட்டி நீராவி எஞ்சினைப் படம் எடுத்தால் ஆவியே விழுவதில்லையே, ஏன்?

கேமராவில் குறையில்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் வெண்மை, குளிர்காற்றில் அது திரண்டு உருவாகும் நீர்த்துளிகள்தான். உச்சிவெயிலில் அவை சட்டென்று மறைந்துவிடும். குளிரும் ஈரமும் உள்ள காலைதான் நல்ல நேரம்.

அப்புறம், புறப்படும் கணத்தைத் தவறவிடாதீர்கள். நின்றிருந்த சிலிண்டருக்குள் ஆவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கியிருக்கும். தண்ணீரை அமுக்க முடியாது. அப்படியே பிஸ்டன் நகர்ந்தால் சிலிண்டர் மூடியே உடையலாம். அதனால் ஓட்டுபவர் வடிகுழாய்களைத் திறந்துவைத்தே கிளம்புவார். சக்கரங்களின் பக்கம் சீறி வரும் அந்த வெண்மேகம்தான் படம்!

இந்த எஞ்சின்களுக்குத் தண்டவாள அகலமே பெரும்பாலும் 5 அல்லது 7¼ அங்குலம். நின்றபடி எடுத்தால் பொம்மை மாதிரிதான் இருக்கும். தரையோடு படுத்து எடுங்கள், உடை அழுக்காகும், பரவாயில்லை.

ஒன்று மட்டும்: ஓடும்போது ஓட்டுபவரை 'இங்கே பாருங்க' என்று கூப்பிடாதீர்கள். அவர் கண் கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடியில் இருக்க வேண்டும். சின்ன கொதிகலனில் தண்ணீர் மளமளவென்று இறங்கும். கொதிகலனுக்குள் நெருப்பு எரியும் பெட்டியின் மேல்தகடு தண்ணீருக்கு வெளியே தெரியும் அளவுக்கு வற்றினால் பெரிய ஆபத்து.