சிகரெட் இல்லாமல் மூளை ஓடவில்லையே!

கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிகரெட்டை விட்டு மூன்று நாள் ஆகிறது. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், கூட்டலில் தப்பு வருகிறது. முன்பெல்லாம் ஒன்று பிடித்தால் தலை தெளிந்துவிடும். அப்படியானால் என் மூளைக்கு அது தேவைதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: தேவையே இல்லை. நீங்கள் சொல்கிற அந்தத் தெளிவு, சிகரெட்டே உண்டாக்கிய குறையை அதே சிகரெட் கொஞ்ச நேரம் சரிசெய்வதுதான். புகையை இழுத்த 10, 20 விநாடிகளில் புகையிலையில் உள்ள நிகோடின் மூளைக்குப் போய்விடும், ஆனால் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுவதால் அதற்குப் பழகிப்போன மூளை மறுபடி கேட்க ஆரம்பிக்கிறது. பிடிக்கணும் என்கிற நினைப்பு வந்துவிட்டால், எண்களைத் தற்காலிகமாக மனதில் வைத்துக் கூட்ட வேண்டிய இடத்தை அதுவே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் "எட்டு போக மீதி..." என்று வரும்போதே விட்டுப்போகிறது.

இந்தத் தடுமாற்றத்துக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம். நீங்கள் இப்போது சரியாக அங்கேதான் நிற்கிறீர்கள், தயவுசெய்து முயற்சியைக் கைவிடாதீர்கள்! பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கவனம் திரும்பிவிடும். ஒவ்வொரு ஆசை அலையும் சில நிமிடம்தான். எழுந்து தண்ணீர் குடித்து, மாடிப்படி ஏறி இறங்கி வாருங்கள், பெரிய கூட்டல்களை இந்த வாரம் இன்னொருவரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காபி. புகைப்பவர் உடம்பு காபியில் உள்ள கஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். விட்டதும் அதே இரண்டு டம்ளர் காபி அதிகமாக ஏறி, படபடப்பும் தூக்கமின்மையும் வரும். பாதியாகக் குறையுங்கள். நிகோடின் சூயிங்கம் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், 1800 112 356 என்ற அரசின் இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.