பின்னல் குறைந்தால் வெளி என்னவாகும்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பிள்ளைகளில் பலர் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். அண்மையில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து, “டீச்சர், நாம் இருக்கிற இந்த வெளி முழுக்கக் குவாண்டம் பின்னலால், அதாவது தனித்தனித் துகள்களை ஒரே நிலையாகப் பிணைக்கும் தொடர்பால், ஆனதாம், உண்மையா?” என்று கேட்டார்கள். இது நிரூபிக்கப்பட்டதா, வெறும் கற்பனையா? பின்னிய துகள்களைப் புழுத்துளை, அதாவது வெளியின் இரு இடங்களுக்கிடையிலான குறுக்குவழி, இணைக்கிறது என்றால் ஒளியை முந்திச் செய்தி அனுப்பலாமா? கணினியில் புழுத்துளை உண்டாக்கியதாக வந்த செய்தி என்ன? கதையாகச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. பிள்ளைகள் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியது ஏதாவது இதில் உண்டா?

ஓர் ஆசிரியை, ஹட்டன்

அன்புள்ள டீச்சர்,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கணக்கு கைக்கு வந்துவிட்டால் மற்றவை பாதி தெளிந்துவிடும்.

இரண்டு கியூபிட்டுகளை, அதாவது அளந்தால் 0 அல்லது 1 என்று மட்டுமே விடை தரும் குவாண்டம் தொகுதிகளை, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் 0 ஆக இருக்கும் நிலைக்கு ஒரு கோணத்தின் கோசைன் வீச்சு (வர்க்கித்தால் நிகழ்தகவைத் தரும் எண்). இரண்டும் 1 ஆக இருக்கும் நிலைக்கு அதே கோணத்தின் சைன் வீச்சு. ஒரு கியூபிட்டை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு 0 கிடைக்கும் நிகழ்தகவு கோசைன் வர்க்கம், 1 கிடைக்கும் நிகழ்தகவு சைன் வர்க்கம். ஒவ்வொரு நிகழ்தகவையும் அதன் இயற்கை மடக்கையால் பெருக்கி, இரண்டையும் கூட்டி, குறியை மாற்றினால் வருவது பின்னல் எந்திரப்பி, அதாவது பாதியை மட்டும் வைத்திருப்பவருக்குத் தெரியாமல் இருப்பதன் அளவு. கோணம் 45 பாகையானால் 0.693, 30 பாகையானால் 0.562, 15 பாகையானால் 0.246, 0 பாகையில் பூச்சியம். மடக்கை அட்டவணையில் இருப்பது 10ஐ அடியாகக் கொண்டது என்பதால் 2.303ஆல் பெருக்க மறக்கக் கூடாது. விடை பிழைத்தால் முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்த தடுமாற்றம் இதைவிட ஆழமானது. இரண்டு கியூபிட்டுகளையும் சேர்த்த முழுத் தொகுதியின் எந்திரப்பி எப்போதும் பூச்சியம். ஏனென்றால் முழுத் தொகுதியின் நிலை நமக்கு முற்றாகத் தெரியும். முழுமை தெரிந்திருந்தும் பாதி தெரியாமல் இருப்பதுதான் பின்னல். சாதாரண ஒட்டுறவில் அப்படி நடப்பதில்லை. நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்தை இரண்டு தாள்களில் எழுதி இருவரிடம் கொடுத்தால் ஒவ்வொரு தாளின் எந்திரப்பியும் 0.693தான், ஆனால் இரண்டும் சேர்ந்ததும் 0.693. இரு பகுதிகளின் எந்திரப்பிகளைக் கூட்டி முழுமையினுடையதைக் கழித்தால் கிடைப்பது பரஸ்பரத் தகவல். நாணயத்துக்கு அது 0.693, 45 பாகைக் கியூபிட் சோடிக்கு 1.386. இந்த இரட்டிப்பைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும், அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இனி ஈர்ப்பு. 1970களின் முற்பகுதியில் பெக்கன்ஸ்டைனும் ஹோக்கிங்கும் கருந்துளைக்கு எந்திரப்பி உண்டென்று காட்டினார்கள். அதன் அளவு, எல்லைப் பரப்பளவைப் பிளாங்க் பரப்பளவின் (இயற்கையின் அடிப்படை மாறிலிகளிலிருந்து வரும் மிகச் சிறிய பரப்பளவு) நான்கு மடங்கால் வகுத்தது. சூரியனின் திணிவுள்ள கருந்துளையின் ஆரை 2.95 கிலோமீற்றர், பரப்பளவு 1.09×10⁸ சதுர மீற்றர்; பிளாங்க் பரப்பளவு 2.6×10⁻⁷⁰ சதுர மீற்றர். வகுத்தால் ஏறத்தாழ 10⁷⁷ வரும். விசித்திரம் எண்ணின் பருமனில் இல்லை. ஆரையை இரட்டித்தால் வாயுவின் எந்திரப்பி கனவளவைப் பின்பற்றி எட்டு மடங்காகும். கருந்துளையினுடையதோ நான்கு மடங்குதான். வேறெங்கே இப்படிப் பரப்பளவு வருகிறது? வெற்றிடத்திலேயே வருகிறது. வெற்றிடத்தில் ஒரு கற்பனைக் கோளத்தை வரைந்து, உள்ளும் புறமும் எவ்வளவு பின்னியிருக்கின்றன என்று 1993இல் ஸ்ரெட்னிக்கி கணித்தார். விடை கோளத்தின் பரப்பளவுக்கு நேர்விகிதசமம். பின்னல் பெரும்பாலும் அடுத்தடுத்த புள்ளிகளுக்கிடையே இருப்பதால் எல்லையை ஒட்டியவை மட்டுமே கணக்கில் விழுகின்றன.

1997இல் மல்டசேனா முன்வைத்த இணைத்தன்மையில்தான் இந்த ஒற்றுமை துல்லியமான சமன்பாடாகிறது. எதிர்மறை வளைவுள்ள ஒரு காலவெளியின் ஈர்ப்புக் கோட்பாடும், அதன் விளிம்பில் வாழும் ஈர்ப்பே இல்லாத குவாண்டம் கோட்பாடும் ஒன்றேதான் என்கிறது அது. 2006இல் ரியுவும் டகயனாகியும் சொன்னது: விளிம்பின் ஒரு பகுதியின் பின்னல் எந்திரப்பி வேண்டுமானால், அந்தப் பகுதியின் ஓரங்களில் தொடங்கி உள்ளே தொங்கும் பரப்புகளில் மிகச் சிறியதைத் தேடி, அதன் பரப்பளவை ஈர்ப்பு மாறிலியின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். கருந்துளைச் சூத்திரத்தின் அதே வடிவம், ஆனால் கருந்துளை தேவையில்லை.

இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் இதன் எளிய வடிவத்தைச் சரிபார்க்கலாம். ஒரு பரிமாண விளிம்பில் ஒரு துண்டு. உள்ளே மிகக் குறுகிய பாதை ஓர் அரைவட்டம். அதன் நீளம், 1ஐக் கோணத்தின் சைனால் வகுத்ததன் தொகையீட்டை வளைவாரையால் பெருக்கியது. செய்து பார்த்தால், வளைவாரையின் இரு மடங்கு பெருக்கல் துண்டு நீளத்துக்கும் வெட்டு நீளத்துக்குமான விகிதத்தின் மடக்கை என்று வரும். வெட்டு நீளம் என்பது அதற்குக் கீழே பார்ப்பதில்லை என்று நாம் வைக்கும் மிகச் சிறிய அளவு. நீளத்தை ஈர்ப்பு மாறிலியின் நான்கு மடங்கால் வகுங்கள். பிறகு 1986இல் பிரவுணும் ஹெனோவும் கண்ட தொடர்பை இடுங்கள்: விளிம்புக் கோட்பாட்டின் மைய ஏற்றம் (அந்தக் கோட்பாட்டில் எத்தனை சுயாதீனக் கூறுகள் உண்டென்று காட்டும் எண்), வளைவாரையின் மூன்று மடங்கை ஈர்ப்பு மாறிலியின் இரு மடங்கால் வகுத்தது. மைய ஏற்றத்தின் மூன்றில் ஒரு பங்கு பெருக்கல் அதே மடக்கை என்று விடை வரும். ஈர்ப்பையே தொடாமல், விளிம்பின் குவாண்டம் கோட்பாட்டில் நேராகக் கணித்ததும் இதே கோவைதான். வெட்டு நீளத்தைப் பூச்சியமாக்கினால் விடை முடிவிலியாகிறதே என்று யாராவது பதறுவார்கள். விளிம்பில் எவ்வளவு நெருங்கிய புள்ளிகளும் பின்னியிருப்பதால் அந்த முடிவிலி. உள்ளே பார்த்தால் அதே முடிவிலி, பாதை எல்லையற்ற தொலைவு ஓடுவதாகத் தெரிகிறது.

காணொளிகள் சொல்லும் வாக்கியம் பிறந்தது 2010இல் வான் ராம்ஸ்டொங்க் எழுதிய சிறு கட்டுரையில். விளிம்பை இரு பாதிகளாகப் பிரித்து, அவற்றுக்கிடையிலான பின்னலைப் படிப்படியாகக் குறைத்தால் உள்ளே இரண்டு காரியங்கள் நடக்கும். முதலாவது, நடுவே பிரிக்கும் பரப்பு சுருங்கும். ரியு–டகயனாகி சூத்திரமே அதைச் சொல்கிறது. இரண்டாவது, பரஸ்பரத் தகவல் ஒட்டுறவுகளுக்கு மேல்வரம்பு என்பதால் அவையும் தேயும். ஒட்டுறவு தொலைவோடு அடுக்குக்குறி வேகத்தில் விழும் என்பதால், அது தேய்வதன் பொருள் இரு பாதிகளும் விலகிப்போகின்றன என்பதே. இடை மெலிந்து, நீண்டு, கடைசியில் அறுந்து இரண்டு தனி வெளிகள். எனக்கு இந்தத் துறையிலேயே அழகான வாதம் இதுதான். 2013இல் வான் ராம்ஸ்டொங்க் உள்ளிட்ட ஒரு குழு இன்னும் ஒரு படி போனது: சிறு மாற்றங்களுக்குப் பின்னல் எந்திரப்பியின் மாற்றமும் அதற்குரிய சக்தியின் மாற்றமும் சமம் என்ற ஒரே விதியிலிருந்து ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் நேர்கோட்டு வடிவத்தைப் பெற்றது.

ஆகவே பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லக்கூடியது: எதிர்மறை வளைவுள்ள காலவெளிகளில் இது பலவழிகளில் சரிபார்க்கப்பட்ட கணிதம், நமது பிரபஞ்சத்துக்கு இன்னும் பொருந்தவில்லை. இங்கே விரிவு வேகமெடுக்கிறது என்பது 1998இலிருந்து தெரியும். நம் அண்டவியல் மாறிலி, அதாவது வெற்று வெளியின் சக்தியைக் குறிக்கும் எண், நேர்க்குறி உடையது. கோட்பாட்டை எழுதிவைக்க அப்படியொரு விளிம்பு நமக்கில்லை. இதைச் சொல்லாமல் விடும் காணொளிகள் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்கின்றன.

புழுத்துளைக்கு வருவோம். 2013இல் மல்டசேனாவும் சஸ்கிண்டும் பின்னலும் ஐன்ஸ்டைன்–ரோசன் பாலம் எனப்படும் புழுத்துளையும் ஒன்றே என்று முன்மொழிந்தது ஊகம்தான். பின்னிய இரண்டு பெரிய கருந்துளைகளுக்கு அது பொருந்த நல்ல ஆதாரம் உண்டு. ஒரு சோடி இலத்திரனுக்கு வழமையான வடிவியல் எதையும் வரைய முடியாது. அந்தப் பாலம் உங்கள் சிங்கமலை ரயில் சுரங்கம் போன்றதல்ல. ஒரு பக்கம் நுழைந்தவர் மறுபக்கம் வருமுன்னே அது நீண்டு மூடிவிடும். ஒளியை முந்தும் கேள்விக்குப் பதில் முதல் பயிற்சியிலேயே இருக்கிறது: ஒருவர் தன் கியூபிட்டை என்ன செய்தாலும் மற்றவருடைய நிகழ்தகவுகள் மாறா. 2016இல் காவோ, ஜாஃபெரிஸ், வோல் மூவரும் கடக்கக்கூடிய புழுத்துளையைக் காட்டினார்கள். ஆனால் அதற்கு இரு பக்கங்களுக்குமிடையே வெளியே சாதாரணத் தொடர்பு ஒன்று வேண்டும். 2022 முடிவில் வந்த செய்தி கூகிளின் சிகமோர் குவாண்டம் செயலியில் 9 கியூபிட்டுகளில் நடத்திய அப்படியொரு தகவல் கடத்தலைப் பற்றியது. மிகவும் சுருக்கிய மாதிரியுரு அது. அவ்வளவு சிறிய தொகுதியில் ஈர்ப்பின் தனி அடையாளம் தெரியாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பு நியாயமானது. எந்த ஆய்வுகூடத்திலும் வெளி துளைக்கப்படவில்லை.

ஈர்ப்பையும் பின்னலையும் மேசைமேல் சோதிக்கும் வேறொரு முயற்சி உண்டு. வகுப்புக்கு அது இன்னும் பொருத்தம். 2017இல் போஸ் தலைமையிலான குழுவும், மார்லெட்டோவும் வெட்ரலும் தனித்தனியே முன்வைத்தது. 10⁻¹⁴ கிலோகிராம் திணிவுள்ள, ஏறத்தாழ 2 மைக்ரோமீற்றர் விட்டமான இரு வைரத் துணிக்கைகள். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் மேற்பொருந்தல் நிலையில். மிக அருகிலுள்ள இடங்களுக்கிடையே 200 மைக்ரோமீற்றர். காத்திருக்கும் நேரம் 2.5 செக்கன். ஈர்ப்பு மட்டுமே அவற்றைப் பின்னினால் ஈர்ப்புப் புலமும் குவாண்டமாகவே இருக்க வேண்டும் என்பது வாதம். அதில் உடன்படாதவர்களும் உண்டு. ஈர்ப்பு மாறிலி, திணிவின் வர்க்கம், நேரம் மூன்றையும் பெருக்கி, பிளாங்க் மாறிலியை 2 பையால் வகுத்த பெறுமானத்தாலும் தொலைவாலும் வகுத்தால் கட்ட வித்தியாசம் வரும்: 1.67×10⁻³⁸இன் கீழ் 2.1×10⁻³⁸, ஏறத்தாழ 0.8 ரேடியன். அளக்கக்கூடிய எண்!

ஆனால் செய்வது கடினம். இதுவரை அலைபோலக் குறுக்கீடு காட்டிய மிகப்பாரமான மூலக்கூறுகளுள் 2019இல் வியன்னாவில் பயன்படுத்தியவை 25,000 அணுத்திணிவலகுக்குச் சற்று மேல், அதாவது 4×10⁻²³ கிலோகிராம். இடைவெளி இருபது கோடி மடங்குக்கும் மேல். எஞ்சிய ஒரு வாயு மூலக்கூறு மோதினாலும், துணிக்கை தன் வெப்பத்தில் ஒரு போட்டனை உமிழ்ந்தாலும் அது எங்கே இருந்தது என்ற தகவல் கசிந்து மேற்பொருந்தல் குலையும். “200 மைக்ரோமீற்றர் ஏன், நெருக்கி வைத்தால் என்ன?” என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். தொலைவைப் பாதியாக்கினால் ஈர்ப்பு நிலைச்சக்தி 2 மடங்கு. மின்னேற்றமில்லாத பொருள்களுக்கிடையிலும் உள்ள காசிமிர்–போல்டர் இடைத்தாக்கம் தொலைவின் ஏழாம் அடுக்குக்கு நேர்மாறாக மாறுவதால் 128 மடங்கு. அப்போது வருகிற பின்னல் ஈர்ப்பினுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. திணிவைப் பத்தில் ஒன்றாக்கி, அதே கட்ட வித்தியாசத்துக்கு எத்தனை செக்கன் காத்திருக்க வேண்டும் என்பதை வீட்டு வேலையாகக் கொடுங்கள்.