விழுந்த ரூபாயை யார் எடுத்தார்கள்?

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டாலர் 90 ரூபாயைத் தாண்டியதிலிருந்து மனசே சரியில்லை. 1947-ல் ஒரு டாலரும் ஒரு ரூபாயும் சமமாக இருந்தனவாம். 1966-ல் இந்திரா காந்தி செய்த துரோகத்தில் தொடங்கிய சரிவுதான் இது என்கிறார் என் அலுவலக நண்பர். நாமும் இலங்கை மாதிரி ஆகிவிடுவோமா? வங்கி டெபாசிட்டை எல்லாம் உடைத்து அமெரிக்கப் பங்குகளில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் இதில் கொண்டாட்டம். உங்கள் திருப்பூர்க்காரர்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், இல்லையா?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

அந்தக் கடைசி வரி இல்லாமலிருந்தால் உங்களுக்குப் பதில் எழுதியிருக்க மாட்டேன். டாலர் ஏறும்போதெல்லாம் இப்படிச் சில கடிதங்கள் வரும். எடுத்து வைத்துவிடுவேன். நான் பணச்சந்தை ஜோசியன் அல்ல. ஆனால் திருப்பூர் சிரிக்கிறது என்று எழுதிவிட்டீர்கள். கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கணக்கை அது கிளறிவிட்டது.

முதலில் திட்டிவிடுகிறேன். 1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாய் என்பது வாட்ஸாப் வரலாறு. படித்த பிள்ளை நீங்கள், ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? அன்றைக்கு ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 33 பைசா. ஒரு பவுண்டுக்கு 4.03 டாலர். வகுத்தால் டாலருக்கு 3 ரூபாய் 31 பைசா வரும். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80 டாலருக்கு இறக்கியது. நாமும் கூடவே இறங்கினோம். அப்படி வந்ததுதான் டாலருக்கு 4.76 ரூபாய் என்ற விலை. ஆக, முதல் இறக்கம் நடந்தது நேரு காலத்தில். உங்கள் நண்பர் துரோகிப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

1966-ஐயும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஜூன் 6-ஆம் தேதி 4.76 ஒரேயடியாக 7.50 ஆனது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தவரை அதை எதிர்த்துவந்தார். அவர் போன பிறகு நடந்தது. காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கு அதில் கடுங்கோபம். மதிப்பைக் குறைத்த கையோடு ஏற்றுமதி மானியங்களை எடுத்தார்கள், சணலுக்கும் தேயிலைக்கும் ஏற்றுமதி வரி போட்டார்கள். எனவே காகிதத்தில் இருந்த லாபம் ஏற்றுமதியாளர் கைக்கு முழுசாக வரவில்லை. மழையும் பொய்த்தது. எதிர்பார்த்த அந்நிய உதவியும் நீடிக்கவில்லை. பழி முழுக்க அந்த அம்மாள் தலையில் விழுந்தது. துரோகம் என்பதெல்லாம் மேடைப் பேச்சு. 4.76 என்ற விலையைப் பதினாறு பதினேழு வருடம் பிடித்து வைத்திருந்தார்கள், அதற்குள் உள்நாட்டு விலைவாசி எங்கோ போய்விட்டது. அந்த வித்தியாசம் என்றைக்காவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

ஒரு சின்னத் தகவல், உங்களுக்குப் பிடிக்கும். அன்று வளைகுடாவின் பல பகுதிகளில் இந்திய ரூபாய்தான் செலாவணி. அதற்கென்றே ரிசர்வ் வங்கி 1959-லிருந்து வேறு நிறத்தில் நோட்டு அச்சிட்டுக் கொடுத்தது. துபாய் வியாபாரியின் பெட்டியிலிருந்த பணத்தின் மதிப்பு, டெல்லியில் யாரோ போட்ட கையெழுத்தில், ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்தது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. துபாயும் கத்தாரும் அந்த வருடமே நம் ரூபாயைக் கைவிட்டன. இன்று நம் பிள்ளைகள் அங்கே போய் திர்ஹாம் சம்பாதித்து அனுப்புகிறார்கள்.

இலங்கை பற்றி: நாம் அப்படி ஆகமாட்டோம் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். அங்கே 2021 செப்டம்பரிலிருந்து டாலரை 203 ரூபாய்க்குள் கட்டிப்பிடித்து வைத்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் அந்த விலைக்கு வங்கியில் கொடுப்பார்களா? வங்கிக்கு வெளியே ஆள் வழியாகப் பணம் கைமாற்றும் உண்டியலில் கூடுதலாகக் கிடைத்தது, உண்டியலில் அனுப்பினார்கள். வங்கிக்கு வரவேண்டிய டாலர் வற்றியது. 2022 மார்ச்சில் கையை விட்டதும் இரண்டே மாதத்தில் 360-ஐத் தொட்டது. அந்தச் செப்டம்பரில் விலைவாசி உயர்வு 70 சதவீதம். எரிவாயு சிலிண்டரை வரிசையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் சனம் காத்துக் கிடந்ததற்கு அந்த 203-க்கும் பங்குண்டு. நமது ரூபாய் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, கையில் டாலர் இருப்பும் இருக்கிறது. போதும்.

இப்போது திருப்பூர்.

1991 ஜூலையில் நான் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்றால் கட்டிங் டேபிளுக்கும் செக்கிங் ஹாலுக்கும் நடுவே பலகை அடித்துத் தடுத்த ஒரு அறை. பேரேட்டைப் புரட்டினால் பஞ்சுத்தூசி பறக்கும். நாட்டின் கஜானாவில் இரண்டு மூன்று வார இறக்குமதிக்குக்கூட டாலர் இல்லாத நேரம் அது. ஜூலை 1-ஆம் தேதி சுமார் 9 சதவீதம், 3-ஆம் தேதி இன்னொரு 11 சதவீதம் என்று இரண்டு தவணையாக ரூபாயை இறக்கினார்கள். இரண்டாவதை நிறுத்திவிடலாமா என்று பிரதமர் நரசிம்ம ராவுக்குக் கடைசி நேரத்தில் தயக்கம் வந்ததாம். நிதியமைச்சராக இருந்த மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் ரங்கராஜனைக் கூப்பிட்டுக் கேட்டால், காலையிலேயே அறிவித்தாயிற்று என்றாராம். அதே மாதம் 47 டன் தங்கம் அடமானத்துக்கு வெளிநாடு போனது.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 21 ரூபாய் டாலர் 26-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்பதுதான். இரண்டு டாலருக்கு ஆர்டர் எடுத்த டீ ஷர்ட்டுக்கு 42 ரூபாய்க்குப் பதில் 52. பீஸுக்குப் பத்து ரூபாய்! ஊரே அதைத்தான் பேசியது.

சரவணன், அந்தப் பத்து ரூபாயைக் கொஞ்சம் பின்தொடர்ந்து வாருங்கள். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்.

முதல் கை அரசாங்கத்துடையது. ஏற்றுமதிக்குக் கொடுத்துவந்த ரொக்க ஊக்கத்தொகையை அந்த வாரமே எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் வணிக அமைச்சராக இருந்த நம் சிவகங்கைச் சிதம்பரம். மதிப்பைக் குறைத்தாயிற்றே, இனி மானியம் எதற்கு என்ற வாதம். 1966-ல் செய்த அதே காரியம்தான். வாதத்தில் பிழையில்லை. ஆனால் பத்திலிருந்து ஒரு பகுதி போயிற்று.

இரண்டாவது கை வங்கியுடையது. எங்கள் முதலாளி ஜாக்கிரதைக்காரர். அடுத்த சில மாதங்களில் வரவேண்டிய டாலரில் பாதியை முன்கூட்டியே இன்ன விலைக்குக் கொடுப்பதாக வங்கியோடு ஃபார்வர்டு போட்டிருந்தார். டாலர் இறங்கினால் அடிபடக் கூடாது என்ற நியாயமான பயம். அது ஏறியது. போட்ட விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். “ஏனுங்க, பாதி டாலரு ஏறவே இல்லீங்களா நமக்கு?” என்று அவர் கேட்டார். பேரேட்டில் அந்த இன்வாய்ஸ்களுக்கு நேரே பழைய விலையைத்தான் எழுதினேன்.

மூன்றாவது கை பையருடையது, அதாவது எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரருடையது. அவரும் பேப்பர் படிக்கிறவர்தானே. ஹாம்பர்க்கிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. வாழ்த்து எல்லாம் சொல்லிவிட்டு, உங்கள் செலவு குறைந்திருக்கிறது, அடுத்த ஆர்டரில் எட்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தது. குறைக்காவிட்டால்? பக்கத்துத் தெருக்காரர் குறைப்பார். இந்த ஊரில் ஒருவன் வேண்டாம் என்ற ஆர்டரை எடுக்கப் பத்துப் பேர் நிற்பார்கள். நாட்டின் நாணயம் இறங்கினால் பொருள் மலிவாகி ஏற்றுமதி பெருகும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அந்த மலிவு என்பது இந்த ஃபேக்ஸ்தான். மலிவாக வாங்கியவர் ஹாம்பர்க்கில் இருந்தார்.

நான்காவது கை நூல் விற்கும் மில்காரருடையது. நூலுக்கு என்ன வந்தது, அது உள்ளூர்ச் சரக்குதானே என்று நானும் நினைத்ததுண்டு. மில்காரருக்கும் டாலர் தெரியும். வெளிநாட்டுக்கு விற்றால் இவ்வளவு கிடைக்கும் என்றால் அதே விலையைத்தான் இங்கேயும் கேட்பார். சாயமும் கெமிக்கலும் நிட்டிங் மெஷின் ஊசியும் இறக்குமதி, அவை மறுநாளே ஏறின. பேங்க் வட்டியும் ஏறியது. மத்திய வங்கி தன் வட்டியை ஜூலையில் 11, அக்டோபரில் 12 சதவீதம் ஆக்கியது.

மீதி இருந்ததை முதலாளி எடுத்தார். இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடத்தில் அவர் புதிதாக மெஷின் இறக்கினார், ஊர் முழுக்க இறக்கினார்கள். தொண்ணூறுகளில் திருப்பூர் வளர்ந்த வளர்ச்சிக்கு அந்த ஜூலையும் ஒரு காரணம். அதை மறைத்து எழுதினால் நான் பொய்யன்.

ஆனால் சனிக்கிழமைச் சம்பளம்? பவர் டேபிளில் உட்கார்ந்து தைத்தவர், கைமடித்தவர், பிசிறு வெட்டியவர், யாருடைய பீஸ் ரேட்டும் அந்த வருடம் ஒரு பைசா நகரவில்லை. கூலி ஒப்பந்தம் முடியும் வரை அது நகராது. அந்த ஆகஸ்டில் விலைவாசி உயர்வு 16 சதவீதத்தைத் தாண்டியது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. ஏன் அத்தனை நாள் பட்டினி கிடந்து போராடினார்கள் என்பது எனக்கு 1991-ல்தான் உறைத்தது. விலை ஏறும்போது கூலியும் தானாக ஏறவேண்டும் என்று கேட்டார்கள். செலாவணி மதிப்பு இறங்குவது என்றால், எல்லாருடைய விலையும் மறுநாள் திருத்தி எழுதப்படும், கூலி மட்டும் ஒப்பந்தத் தேதிவரை காத்திருக்கும். பொருளாதாரப் பேராசிரியர்கள் இதைப் போட்டித்திறன் கூடுகிறது என்பார்கள். கூடியது எங்கிருந்து என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். நானும் சில கருத்தரங்குகளில் கேட்டுப் பார்த்தவன்.

ஆகவே, திருப்பூர் சிரிக்கிறது என்று எழுதுமுன் திருப்பூரில் யார் என்று கேளுங்கள். அண்மைக் கதையையும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. அந்த வருடம் முழுக்க ரூபாய் இறங்கியது ஏறக்குறைய ஐந்து சதவீதம். இதைக் கொண்டு அதை அடைக்க முடியுமா? வரியில் பாதியை நீங்கள் சுமந்துகொள்ளுங்கள் என்று பையர் கேட்ட நேரத்தில், டாலர் ஏறியதற்குச் சிரித்தவன் இருந்தால் அவனை எனக்கும் காட்டுங்கள்.

உங்கள் டெபாசிட் கேள்வி நினைவிருக்கிறது. அதற்கும் திருப்பூர்க் கதை ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

2007-ல் எல்லாம் தலைகீழாக இருந்தது. டாலர் 44-லிருந்து 39-க்கு இறங்கியது. ரூபாய் இனி ஏறிக்கொண்டே போகும், 35 வரும் என்று படித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஏற்றுமதியாளர்கள் பயந்துபோனார்கள். டை கட்டிய பையன்கள் வங்கியிலிருந்து வந்தார்கள். உங்களுக்குச் செலவே கிடையாது, சுவிஸ் பிராங்க் இந்த அளவைத் தொடாதவரை லாபம், அது தொடவே தொடாது என்று சொல்லி ஒப்பந்தங்களில் கையெழுத்து வாங்கினார்கள். பனியன் தைக்கிறவனுக்கும் சுவிஸ் பிராங்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2008 மார்ச்சில் டாலர் ஒரு பிராங்குக்கும் கீழே போனது. அந்த வருடக் கடைசியில் ரூபாயும் 50-ஐத் தொட்டது. வீட்டுப் பத்திரத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். இந்த மாதிரி வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின. எங்கள் பழைய முதலாளியின் மகனும் அதில் ஒருவர். அப்பா பாதிக்கு ஃபார்வர்டு போட்டு லாபத்தை விட்டார். மகன் முழுசுக்கும் போட்டு மில் பங்கை விட்டார்.

நீங்கள் கேட்பதும் அதே சாதிக் கேள்விதான் தம்பி. இத்தனை நாள் இறங்கியது, இனியும் இறங்கும், எல்லாவற்றையும் எடுத்து அந்தப் பக்கம் போட்டுவிடலாம் என்கிறீர்கள். 2013 ஆகஸ்டில் டாலர் 68-ஐத் தாண்டியபோது உங்களைப் போல ஒருவர் அலறி எழுதியிருந்தார். அடுத்த சில வருடங்கள் அது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருந்தது. அமெரிக்கப் பங்கில் போட்டால் ரூபாய் இறங்குவது உங்களுக்கு லாபம், வாஸ்தவம். பங்கு இறங்கினால்? நம் சந்தையில் பணம் போட்ட வெளிநாட்டுக்காரர் இப்போது அந்தக் கணக்கைத்தான் கசப்போடு போட்டுக்கொண்டிருக்கிறார். பங்கு ஐந்து சதவீதம் ஏறி ரூபாய் ஐந்து சதவீதம் இறங்கினால் டாலரில் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சவில்லை என்று அவர் விற்றுக் கிளம்பும்போது ரூபாய் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது.

பிள்ளையை அமெரிக்காவில் படிக்கவைக்கும் திட்டம் இருந்தால், அந்தச் செலவு டாலரில் வரும். அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக டாலர் முதலீட்டில் சேருங்கள், ரிசர்வ் வங்கி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப விடுகிறது. வாடகை, மளிகை, அம்மாவின் மாத்திரை எல்லாம் ரூபாயில் என்றால் அதற்கான பணம் ரூபாயிலேயே இருக்கட்டும். ரூபாய் இறங்கினால் பெட்ரோலும் சமையல் எண்ணெயும் வழியாக அது உங்களிடம் வந்து சேரும், அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே ஒதுக்குங்கள். மனசு சரியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாணயத்தின் விலையை நாட்டின் மானமாக எடுத்துக்கொண்டால் சரியாகவே ஆகாது. ஜப்பான்காரன் ஒரு டாலருக்கு நூற்றைம்பது யென் கொடுக்கிறான், தூங்கத்தான் செய்கிறான்.

இதற்கு மேல் என்னிடம் முதலீட்டு ஆலோசனை கேட்காதீர்கள். என் பணம் அஞ்சலகத்தில் இருக்கிறது.

அன்புடன்.